கனியா, கனிச்சாறா?

(ராயபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடும் உழைப்பும் மன அழுத்தமும் உள்ள வாழ்க்கையில் மருத்துவக் கனிச்சாறுகள் நோய் எதிர்ப்புக்கு எந்த அளவு துணை செய்யும் என்று பேசச் சொன்னார்கள். நெல்லிக்காய் என்றதும் அதியமானும் ஔவையும் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவர்களைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. கிடைத்தற்கரிய கனி ஒருவருக்குப் போனதைச் சொல்லும் கதை அது. எனக்கு வேண்டியது தெருவில் எல்லோருக்கும் கிடைக்கிற கனி.

2020 ஏப்ரல், மே மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலவாரிப் பட்டியலில் ராயபுரம்தான் மேலே இருந்தது. அப்போது இந்தத் தெருக்களில் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். கூடவே துத்தநாக மாத்திரையும் வைட்டமின் மாத்திரையும் வந்தன. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில் சித்த மருத்துவக் கொரோனா மையம் நடந்தது. கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள். சுக்கு, திப்பிலி, நிலவேம்பு, ஆடாதொடை என்று போகும் அந்த வரிசையில் கடுக்காய்த் தோலும் உண்டு. ஆக, அன்று ராயபுரமே ஒரு கனிச்சாற்றைக் குடித்தது என்றுகூடச் சொல்லலாம். சூரணத்தைத் தண்ணீரில் இட்டு நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுவது வழக்கம். கடுக்காயின் துவர்ப்புப் பொருள்கள் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கும். வைட்டமின் சி தாங்காது. ஆகவே அந்தக் குடிநீரின் பலன் எதுவானாலும் அது வைட்டமின் சி கணக்கில் வராது.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். நோய்க்குறி எதுவும் இல்லாத தொற்றாளர்கள் 60 பேரை வைத்துத் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடந்து 2021இல் வெளியானது. கபசுரக் குடிநீர் குடித்தவர்களுக்கு, வைட்டமின் சியும் துத்தநாகமும் சாப்பிட்டவர்களைவிட வைரஸ் அளவு கூடுதலாகக் குறைந்தது என்றார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். அறுபது பேர் கொண்ட அப்படிப்பட்ட ஆய்வு, அடுத்த பெரிய ஆய்வுக்குக் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். தீர்ப்பு எழுதும் தகுதி அதற்கு இல்லை. அதை நடத்தியவர்களே முன்னோட்டம் என்றுதான் குறிப்பிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் 214 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 8,000 மில்லிகிராம் வைட்டமின் சி, அதிக அளவு துத்தநாகம், இரண்டும் சேர்த்து என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயனில்லை என்று ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். நோய் வந்த பிறகு குவியல் குவியலாக விழுங்குவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ஊரடங்கு போனாலும் அந்தக் காலம் விட்டுச்சென்ற பாட்டில்கள் போகவில்லை. நெல்லிச் சாறு, நோனிச் சாறு, திரிபலாச் சாறு, எல்லாவற்றிலும் ‘இம்யூனிட்டி’ என்று கொட்டை எழுத்து. மணலியிலும் எண்ணூரிலும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதை அறிவேன். அதனால்தான் இன்றைய பேச்சை இந்தப் பாட்டிலைச் சுற்றியே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நெல்லி. நம் சென்னைக்கு இதில் சொந்தம் கொண்டாட ஒரு நியாயம் உண்டு. 1936இல் சேப்பாக்கத்திலிருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், நாயர் என்ற இருவர், நெல்லிக்காயிலுள்ள ஒரு துவர்ப்புப் பொருள் வைட்டமின் சியைக் காற்றில் கெடாமல் காக்கிறது என்று எழுதினார்கள். வைட்டமின் சியைப் பிரித்தெடுத்த செந்த்-ஜியார்ஜிக்கு நோபல் பரிசு கிடைத்தது 1937இல். உலகம் அதைப் பேசத் தொடங்கிய அதே வேளையில், சேப்பாக்கத்தில் இரண்டு பேர் நெல்லிக்காயை நசுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதில் இன்றும் ஒரு பெருமிதம். ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியனுக்கு அந்தச் சலுகையைத் தருவீர்கள் என்று நம்புகிறேன். பிறகு வட இந்தியாவின் ஹிசார் மாவட்டப் பஞ்சத்தில் ஸ்கர்வி பரவியபோது நெல்லிக்காயைக் கொடுத்து அதைக் குணப்படுத்தினார்கள். பல் ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, பழைய புண் திறந்துகொள்ளும் நோய் அது.

சரி, ஒரு நெல்லிக்காயில் எவ்வளவு இருக்கிறது? பழைய அட்டவணைகளில் நூறு கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று இருக்கும். பாட்டில்களின் விளம்பரத்தில் இன்றும் அந்த எண்தான் ஓடுகிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் அது 252. ரகம் மாறினால் அளவு மாறும். அளக்கும் முறை மாறினாலும் மாறும். குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். ஆடவருக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 என்பதுதான் 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன அளவு. நடுத்தர நெல்லிக்காய் ஒன்றே அதை நிறைவு செய்துவிடும்.

அதே அட்டவணையில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. வெள்ளைக் கொய்யா 214, சிவப்புக் கொய்யா 222. நெல்லிக்காய்க்கு ஒரு படி கீழே, அவ்வளவே. தேரடியிலும் சுங்கச்சாவடியிலும் தள்ளுவண்டியில் நாலாகக் கீறி, மிளகாய்த்தூள் உப்பு தடவித் தருகிறார்களே, அதே கொய்யா. கொய்யாவுக்கு மருத்துவக் கனி என்ற பட்டம் இல்லாததால் யாரும் அதைப் பாட்டிலில் அடைத்து ‘இம்யூனிட்டி’ என்று எழுதவில்லை. கொய்யாவின் அதிர்ஷ்டம்.

இப்போது சாறு எடுப்பதன் கதைக்கு வருகிறேன். துறைமுகத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும். 1747 மே மாதம், ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ‘சாலிஸ்பரி’ என்ற போர்க்கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், ஒரு ஜோடிக்குக் காடி, இப்படிக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் ஒரே வாரத்தில் எழுந்து நடமாடினார்கள். இந்தப் பகுதி பாடப் புத்தகத்தில் வரும். அடுத்தது வராது. கப்பலில் பழம் மாதக்கணக்கில் நிற்காதே என்று லிண்ட் யோசித்தார். சாற்றைப் பிழிந்து, வெந்நீரின் மேல் வைத்து மணிக்கணக்கில் சுண்டவைத்து, பாகுபோல் ஆக்கிப் புட்டியில் அடைத்து அனுப்பச் சொன்னார். பழத்தைப் பழமாகத் தின்றவர்கள் தேறினார்கள், அந்தப் பாகை நக்கியவர்கள் தேறவில்லை. காய்ச்சியதில் மருந்து சிதைந்துபோனது. இனிப்பும் புளிப்பும் மட்டும் மிஞ்சின. தன் கண்டுபிடிப்பைத் தானே கெடுத்துக்கொண்டார் அந்த மனிதர். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது 1795இல்தான். இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தத் தவறு இன்றும் நடக்கிறது. சூடேற்றிப் பதப்படுத்தி, கண்ணாடி போன்ற பாட்டிலில் அடைத்து, வெயிலில் நிற்கும் லாரியில் ஏற்றி, கடை முகப்பில் ஆறு மாதம் அடுக்கிவைத்த சாற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று லேபிள் சொல்வதில்லை. ஸ்குவாஷ் என்றால் பழச்சாறு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மீதியில் பெரும் பகுதி சர்க்கரையும் தண்ணீரும். செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்துவிட்டு ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று எழுதுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில்தான் நீக்கச் சொன்னது. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருக்கிற ஊரில் தேன் நெல்லியும் நெல்லி ஸ்குவாஷும் யாருக்கு நல்லது என்று நீங்களே சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நெல்லிமுள்ளி இதைவிட மேல். காயவைத்ததில் கொஞ்சம் போயிருக்கும். சேப்பாக்கத்து ஆய்வாளர்கள் சொன்ன துவர்ப்பின் காவலால் கொஞ்சம் நிற்கும்.

அழுத்தம் என்ற சொல்லை இனி கவனிப்போம். மனம் கனத்தால் உடம்பு நோயை விரட்டத் தடுமாறும் என்பது வெறும் பாட்டி வாக்கு இல்லை. 1991இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் 394 ஆரோக்கியமான ஆட்களிடம் மன உளைச்சலை அளந்துவிட்டு, மூக்கில் சளி வைரஸ் கலந்த துளிகளை விட்டார்கள். உளைச்சல் ஏறஏற நோய் பிடித்தவர் விகிதமும் ஏறியது.  

நோயை விரட்டும் வேலையைச் செய்கிற ரத்த வெள்ளணுக்கள் வைட்டமின் சியைப் பதுக்கிவைப்பவை. ரத்த நீரில் இருப்பதைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். கிருமியைக் கொல்ல அவை கக்கும் ரசாயனம் தம்மையே சுட்டுவிடாதிருக்க அது வேண்டும். ஆனால் அந்தக் கிடங்கு நாளுக்கு 100 மில்லிகிராமிலேயே நிறைந்துவிடும் என்று 1996இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவின் காட்டினார். அதற்கு மேல் போட்டால் குடம் நிறைந்த பிறகும் குழாயைத் திறந்துவைத்த கதைதான். மிச்சம் சிறுநீரில் போகும்.

இந்தப் பேச்சில் நான் சொல்ல வந்ததன் மையம் அடுத்தது. தினமும் வைட்டமின் சி சாப்பிட்டால் சளி பிடிக்காமல் இருக்குமா என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2013இல் காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று வந்தது. 29 ஆய்வுகள், 11,306 பேர். விடை: பொதுமக்களுக்கு இல்லை. சளி பிடித்தால் அது நீடிக்கும் நாள் பெரியவர்களுக்கு எட்டு சதவீதம் குறைந்தது, அவ்வளவே. ஆனால் அதற்குள் 598 பேர் கொண்ட ஐந்து ஆய்வுகள் தனியாக நின்றன. நெடுந்தூர ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், உறைகுளிரில் பயிற்சி எடுத்த சிப்பாய்கள். அவர்களுக்குச் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. அவர்கள் உட்கொண்டது நாளுக்குக் கால் கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. கால் கிராம் என்பது சற்றுப் பெரிய கொய்யா ஒன்று.

உடம்பை முறிக்கிற உழைப்பில் இருப்பவருக்குப் பலன். நாற்காலியில் இருப்பவருக்குப் பெரிதாக இல்லை. விளம்பரத்தில் யார் வருகிறார்கள் பாருங்கள். குளிரூட்டிய அறையில் மடிக்கணினி வைத்த அம்மாவும் கிரிக்கெட் மட்டை பிடித்த பையனும். கோணிமூட்டை தூக்கும் லோடுமேன் வருவதில்லை. வார்ப்படச் சாலையில் அனலுக்கு முன் நிற்பவர் வருவதில்லை. காசிமேட்டிலிருந்து லாஞ்சில் போய் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர் வருவதில்லை. அந்த ஆய்வுகள் குளிரில் நடந்தவை, நம் உழைப்பு வெக்கையில் நடப்பது. அப்படியே பொருத்திவிட முடியாது என்பதும் சரிதான். ஆனால் எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

லாஞ்சின் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, குழம்புக்குப் பிடித்த மீன், வெங்காயம், உருளைக்கிழங்கு, இரவு பகலாகத் தேநீர், பலருக்குப் பீடி. புரதத்துக்குக் குறைவில்லை. மீனில் வைட்டமின் சி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. புகைபிடிப்பவர்களுக்கோ மற்றவர்களைவிட 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்பது அமெரிக்க வரையறை. ஐஸ் பார் அடுக்கிய அறையின் ஓரத்தில் ஒரு பை நெல்லிக்காய் வைத்தால் போதும். சோற்றோடு ஒன்று கடித்துக்கொள்ள வேண்டியதுதான். உப்பில் ஊறப்போட்ட நெல்லியும் ஆகும், ரத்தக் கொதிப்பு இல்லாதவருக்கு. எலுமிச்சை இருந்தால் சோறு இறக்கிய பிறகு பிழிய வேண்டும். அடுப்பில் வைத்துப் பிழிந்தால் நம் தட்டிலும் லிண்டின் பாகுதான்.

பெண்கள் பக்கம் கனிக்கு இன்னொரு காரணம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள வைட்டமின் சி கைகொடுக்கும். சாப்பாட்டோடு கொய்யா தின்பதற்கும் சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதற்கும் உள்ள தூரம் அதிகம். தேநீர் அந்த இரும்பைப் பிடித்துவைத்துவிடும்.

கனியைப் பற்றி இவ்வளவு சொன்னவன், கனியை அதன் இடத்தில் வைக்காவிட்டால் தப்பாகிவிடும். காசநோய்க்கு வருகிறேன். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். மீதிப் பேரை நெரிசலான வீட்டிலேயே விட்டு அதே மாத்திரையை மட்டும் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், வேலையும் அதிகம். ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வர இந்தச் சென்னை ஆய்வு பெரும் காரணம். மருந்து ஒழுங்காகப் போனால் பழக்கூடை இல்லாமலும் நோய் தீரும் என்பது இதன் பாடம். ஆகவே காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டு நெல்லிச் சாறு குடிக்கலாமா என்று கேட்பவருக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது.

அதே சேத்துப்பட்டு நிறுவனம் அறுபது ஆண்டு கழித்து ஜார்க்கண்டில் நடந்த இன்னோர் ஆய்விலும் பங்கேற்றது. காசநோயாளியின் வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கு மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அனுராக் பார்கவா தலைமையிலான குழு 2023இல் முடிவை வெளியிட்டது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோய் எதிர்ப்பு என்றால் என்ன என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த அரிசியையும் பருப்பையும்தான். வயிறு காய்ந்தவருக்குக் கனிச்சாற்று உபதேசம் செய்வது அநாகரிகம்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெக்சிகோ நகரத் தெருக்களில் ஓசோன் கலந்த காற்றை மூச்சிழுத்து வேலை செய்த 47 தொழிலாளர்களுக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டீன் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களின் நுரையீரல் திறன் காற்று கெட்ட நாட்களில் அவ்வளவு சரியவில்லை என்று 1998இல் எழுதினார்கள். நுரையீரலின் உட்சுவர் ஈரத்தில் வைட்டமின் சி இருக்கிறது. நச்சுக்காற்று முதலில் மோதுவது அதோடுதான். இந்தத் தகவலைச் சொல்லும்போதே எனக்குப் பயமாகவும் இருக்கிறது. மணலியை மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே பட்டியலிட்டது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்த ஜனங்களிடம் போய் நெல்லிக்காய் சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. புகைபோக்கிக்கு வடிகட்டி போடும் கடமையைக் கொய்யா தலையில் கட்ட யாராவது இந்தச் சொற்பொழிவை மேற்கோள் காட்டினால், அதற்கு நான் பொறுப்பல்ல.

சாறு சும்மா இருக்கும், கெடுதல் செய்யாது என்பார்கள். அதுவும் தப்பு. கேரளத்தில் இரும்பன்புளி, நம் பக்கம் புளிச்சக்காய் என்கிற பிலிம்பிக் காயைக் கொழுப்பு குறையும் என்று பிழிந்து குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தது. 2013இல் அதைப் பதிவு செய்த மருத்துவர்கள், ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது என்றார்கள். குழம்பில் இரண்டு காய் போட்டால் ஒன்றும் ஆகாது. சாறாகச் செறிவாக்கும்போது அதிலுள்ள ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்தே செறிவாகிறது. நோனிச் சாற்றில் பொட்டாசியம் ஆரஞ்சுச் சாற்றுக்குக் குறையாது. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அதனால் பொட்டாசியம் ஏறிய சம்பவம் 2000இல் மருத்துவ ஏட்டில் வந்தது. பம்ப்ளிமாஸ் வகைப் பழங்கள் சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளையும் கொழுப்பு மாத்திரைகளையும் ரத்தத்தில் அளவுக்கு மீறித் தங்கவைக்கும். ஸ்டான்லி மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது மாத்திரைச் சீட்டோடு சாற்றுப் பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் ஏதாவது உதவி செய்கிறது என்று கேள்விப்பட்டேன். ஊட்டச்சத்துப் பானம் வாங்கித் தரலாமா என்று ஒரு பொறுப்பாளர் என்னைக் கேட்டார். அந்தப் பணத்துக்குக் கோயம்பேட்டிலிருந்து கொய்யா மூட்டை வாங்குங்கள். நெல்லி வரும் பருவத்தில் நெல்லி வாங்குங்கள். இரவு ஷிஃப்டில் தேநீரும் பன்னும் வருகிற வேளையில் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். பன்னுக்குப் பதில் சுண்டல் கிடைத்தால் இன்னும் நல்லது, கொய்யா அந்தச் சுண்டலின் இரும்பையும் சேர்த்து இழுக்கும். தேநீரை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேன்டீன்காரர் முணுமுணுப்பார், விடாதீர்கள்.